பதினொரு வண்டிக்கு அடியில்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். போனில் என் எண்ணை நீ பிளாக் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவையாவது படிப்பாய் அல்லவா? உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி தேவலையா?

குட்டிக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. நீ கடைசியாகப் பார்த்தபோது விழுந்திருந்த முன்பல் இரண்டும் முளைத்து, இப்போது முயல் மாதிரி இருக்கிறாள். "அத்த ஏன் வர்றதில்ல?" என்று கேட்டாள். "அத்தைக்கு வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். நாம் இருவரும் சேர்ந்து கட்டிய நம் தக்கை வண்டியின் வரைபடத்தை வைத்து எங்கள் நிறுவனத்தில் வண்டி கட்டுகிறோம் என்பது உனக்குத் தெரியும். பதினொரு வண்டி முடிந்துவிட்டது. எல்லாம் அதே மாதிரி: பழைய சின்னக் காரின் இன்ஜின், அடியில் தாங்குவதற்குப் பைப் சேஸிஸ், பின்னால் அலுமினியத் தொட்டி, தொட்டிக்கு மேலே மடக்குக் கூடாரம். நல்ல சாலையில் பட்டுப்போல ஓடுகின்றன. மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். நான்கு வண்டியில் பார்த்துவிட்டேன்.

உன் ஷெட்டில் இருக்கும் தக்கை நாலு வருடமாக மலைமலையாக ஏறுகிறது, ஒரு கீறல் இல்லை என்று எங்கள் நிறுவனத்துக்குச் சாயம் அடிக்கிற பெயிண்டர் சொன்னார். நீ அதில் எதையாவது மாற்றினாயா? மாற்றியிருந்தால் ஒரு வரி எழுது, போதும்.

உன் பிரியமுள்ள
தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எனக்கு வந்ததே இல்லை. வலி இடுப்பில். தக்கை கட்டிய இரண்டு வருடமும் உன் பக்கத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் நான். நீ பார்த்ததில்லை போலிருக்கிறது.

குட்டியிடம் எனக்கு வேலை இருப்பதாகச் சொன்னாயாம். எனக்கு எங்கே வேலை? அதைத்தான் நீ பார்த்துக்கொண்டாயே.

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். இருவரும் சேர்ந்துதான் அந்த நிறுவனத்துக்குப் போவதாக இருந்தது. நான் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் முன்னதாக நீ மட்டும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனாய். "வெல்டு பண்ணது யாரு? அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று உன் முதலாளி கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய்? "எங்க அக்காதான் சார். ஆனா இப்ப கண்ணு மங்கிப்போச்சு. அவங்க வெல்ட நம்ப முடியாது. தொட்ட இடத்தையெல்லாம் நான்தான் திரும்பச் செஞ்சேன்."

சாயம் அடிக்க வந்த பெயிண்டர் அந்த அறை வாசலில் நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் வந்து சொன்னார். வெல்டிங் ராடு பிடிக்கவே தெரியாத நீ என் வெல்டைத் திரும்பச் செய்தாயாம்! சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கண் தெரியாத வெல்டர் என்ற பேச்சு ஒரு மாதத்துக்குள் எல்லாப் பட்டறைக்கும் போய்விட்டது. பதினெட்டு வருடம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டியவள் இப்போது ஜன்னல் கம்பியும் வாசல் கதவுக் கொண்டியும் ஒட்டுகிறேன். அதற்குக்கூட, "கண்ணு பரவால்லயாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார்கள்.

ஆமாம், தக்கையில் நான் ஒன்றை மாற்றினேன். மூன்றாவது பயணத்தில், ஆற்றங்கரையில். நீ கூடாரத்துக்குள் படுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு நாளும் அடியில் படுத்ததில்லை.

என்ன மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன்.

அக்கா


மார்ச் 13

அன்பு அக்காவுக்கு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அவர் திடீரென்று கேட்டார், வாய் தவறி ஏதோ வந்துவிட்டது. அதைப் பெயிண்டர் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார். நீ அங்கே வந்து என் கீழே வேலை பார்த்துச் சங்கடப்பட வேண்டாமே என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. நம்பினால் நம்பு.

விரிசல் வந்த இடத்தில் கனமான தகடு வைத்து ஒட்டிப் பார்த்தேன். இப்போது தகடு முடிகிற ஓரத்தில் புது விரிசல். தகட்டை நீட்டினேன், விரிசலும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வண்டிக்கும் நாற்பது கிலோ ஏறிவிட்டது. மணலில் புதையாமல் மிதக்க வேண்டும் என்றுதானே இவ்வளவு லேசாகக் கட்டினோம்?

உன் ஷெட்டுக்கு வந்து தக்கையைப் பத்தே நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன். நீ பேசக்கூட வேண்டாம். நேற்று வந்தேன். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தது. சொந்தத் தம்பிக்கா அக்கா இதெல்லாம்?

என்றும் உன்
தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

சொந்தத் தம்பிக்குத்தான். வேற்று ஆள் யாரும் இதுவரை என் பிழைப்பில் கை வைத்ததில்லை.

"என் அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவள் வெல்டில் நான் கை வைத்ததில்லை. வேலைக்காகப் பொய் சொன்னேன்." இந்த மூன்று வரியை உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டு. பெயிண்டர் படித்துவிட்டு வந்து என்னிடம் சொல்லட்டும். மறுநாள் காலை ஷெட் கதவு திறந்திருக்கும்.

அதுவரை எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 24

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் முடியவில்லை.

பலகையில் ஒட்டினால் அன்றைக்கே என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். "தனி ஒருவரின் படைப்பு" என்று விளம்பரத் தாளில் என் படத்தோடு அச்சடித்திருக்கிறார்கள். நான் இப்போது என்ன செய்வது?

ஏப்ரல் 5ஆம் தேதி பதினொரு வண்டிக்கும் முதல் பயணம். பதினொரு குடும்பம், நான்கு நாள், மலைப்பாதை. விரிசல் பற்றி முதலாளிக்குத் தெரியாது. தகட்டுக்கு மேலே சாயம் அடித்து வைத்திருக்கிறேன். வடிவமைத்தவர் குடும்பத்தோடு முன்னால் போனால் மற்றவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். முதல் வண்டியில் நான், என் மனைவி, குட்டி. குட்டி இப்போதே டார்ச்சை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

உனக்கு என் மேல்தானே கோபம்? அவள் மேல் இல்லையே? அவளுக்காகவாவது சொல். பயணம் முடிந்து வந்ததும் நீ கேட்டபடி எழுதி ஒட்டுகிறேன். சத்தியம்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று தடவை தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். கடனுக்கு ஈடு வைக்கிற மாதிரி பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறாய். பயணத்தை நிறுத்த உனக்கு என் ரகசியம் எதற்கு? "வண்டி சரியில்ல சார்" என்று முதலாளியிடம் சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் சாயம் அடித்திருக்கிறாய்.

இரண்டு நாள் யோசித்தேன். உனக்குச் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த வைராக்கியத்தை விட மனம் வரவில்லை. அதனால் உனக்குச் சொல்லாமல் உன் முதலாளியிடம் சொன்னேன்.

நேற்று நடந்ததை நீ மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாய், ஆனால் பேச்சு உன் காதில் விழுந்திருக்காது. எழுதுகிறேன்.

தக்கையை ஓட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். காவலாளி விடவில்லை. விடும் வரைக்கும் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பாதித் தொழிற்சாலை வெளியே வந்துவிட்டது. உன் முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாரும்மா நீங்க? எதுக்கு இந்தச் சத்தம்?"

"இந்த வண்டிய வெல்டு பண்ணவ."

"கண்ணு தெரியாதுன்னு சொன்னாங்களே, அந்த அக்காவா?"

"அந்த அக்காதான். சோதிச்சுப் பாத்துக்கங்க."

அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "சார், இது போன மாசத்தோட காலாவதி ஆயிருச்சு. சாப்பிடாதீங்க" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

தக்கையின் வலது முன்சக்கரத்தைச் சரக்கு ஏற்றும் திண்டின் மேல் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் உன் முதல் வண்டியையும் அதே மாதிரி ஏற்றச் சொன்னேன். இரண்டையும் நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினோம். ஆறாவது தடவை உன் வண்டியில் 'டக்'கென்று சத்தம். தகட்டு ஓரத்தில் சாயம் பிளந்து, உள்ளே விரிசல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நகம் நுழைந்தது.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, இரண்டு பேரும் தக்கைக்கு அடியில் படுத்தோம். அந்த வயதில், அந்த வெள்ளைச் சட்டையோடு படுத்தார். அங்கேதான் காட்டினேன். நீயும் கேட்டுக்கொள். உன் வரைபடத்தில் தொட்டியை நாலு மூலையிலும் போல்ட் போட்டு சேஸிஸோடு இறுக்கியிருக்கிறாய். மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். தொட்டி முறுக்க விடாது. இரண்டும் மல்லுக்கட்டி சேஸிஸ் உடையும். நான் மூன்று இடத்தில்தான் பிடித்திருக்கிறேன். பின்னால் இரண்டு. முன்னால் நடுவில் ஒன்று, அதுவும் ரப்பர் புஷ் என்கிற வளையத்தில், அசையும்படி. சேஸிஸ் பாட்டுக்கு முறுக்கிக்கொள்ளும், தொட்டி பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். தகடும் வேண்டாம், நாற்பது கிலோவும் வேண்டாம்.

அவர் ரொம்ப நேரம் என் வெல்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கண்ணு தெரியாதுன்னு ஏம்மா சொன்னான்?"

"அத அவன்கிட்டயே கேளுங்க சார். அதோ, மேல ஜன்னல்ல நிக்கிறான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ திரையை இழுத்துவிட்டாய். இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்டுக் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன், தேன் மாதிரி இருந்தது.

பயணம் நின்றுவிட்டது. குட்டியிடம் நீயே சொல்லிக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

திருப்திதானே?

அறிவிப்புப் பலகைக்கு இனி அவசியமில்லை. சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மேஜை மேல் யாரோ மாத்திரை அட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் அதைவிட மோசம். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் என் மனைவி எடுத்துப் படித்துவிட்டாள். "விரிசல் விட்ட வண்டியிலயா எங்க ரெண்டு பேரையும் ஏத்தப் பாத்தீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். குட்டியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அக்காவுக்குத் தெரிஞ்சும் மூணு வாரம் வாயத் தொறக்கல. அவங்களும் நீங்களும் ஒரே அச்சு" என்றாள். அதையும் எழுதிவிடுகிறேன், உனக்கும் கொஞ்சம் உறுத்தட்டும்.

நான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். முதலாளி வாங்க மறுத்துவிட்டார். "உங்க அக்கா உன்ன விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பதினோரு வண்டியயும் அவங்க சரி பண்ணப் போறாங்க. உதவிக்கு உன்னத்தான் கேட்டாங்க. முடிச்சுட்டுப் போ. இல்லன்னா விரிசலுக்குச் சாயம் அடிச்ச ஆள்னு எழுதித்தான் அனுப்புவேன்" என்கிறார்.

நீ நேரே என்னை வேலையை விட்டுத் தள்ளியிருக்கலாம். ஏன் இப்படி? அத்தனை பேர் முன்னால் நான் உனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? என்னை விட்டுவிடச் சொல். காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் மனைவி சொன்னது சரி. மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் எந்த வண்டியாவது மலையில் இரண்டாகப் போயிருந்தால் நானும் ஒரு காரணம். நேற்று அவள் அம்மா வீட்டுக்குப் போய் அவளிடம் அதைச் சொன்னேன். கேட்டாள், கதவைச் சாத்தவில்லை. குட்டி என் மடியில் உட்கார்ந்து, முன்பல் இரண்டையும் காட்டினாள்.

உன்னை விடச் சொல்ல மாட்டேன். நீ வெளியே போனால் இன்னொரு ஊரில், இன்னொரு முதலாளியிடம், "எங்க அக்கா என்னக் கவுத்துட்டா" என்று ஒரு கதை சொல்வாய். நன்றாகச் சொல்வாய், உனக்கு அந்த வரம் உண்டு. அதனால் இங்கேயே இரு. கண் தெரியாதவள் எப்படி வெல்டு பண்ணுகிறாள் என்று பதினொரு தடவை ஒரு அடி தூரத்திலிருந்து பார். அத்தனை பேரும் நீ பார்ப்பதைப் பார்க்கட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பதினொன்றும் முடிந்தபிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வண்டியை ஜாக்கியில் ஏற்றுகிறேன். அடியில் படுத்து நீதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேலேயிருந்து பொறி விழும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

அக்கா