மாவிலையும் புல்லுருவியும் ஒரே தாளில்

உன் வீட்டு மாமரத்தில் புல்லுருவி பூத்திருக்கிறது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, மரம் பாதி பட்டுப்போச்சு. செத்த வந்து அந்தக் கருமத்த வெட்டி விடுங்க. அவரு இருந்தவரைக்கும் தொடவே விடல." எப்படி விடுவாய்? உனக்குச் சோறு போட்ட செடி அல்லவா?

ஏணியில் ஏறிக் கிளையைப் பிடித்ததும் செம்மஞ்சள் குழல் பூக்கள் என் சட்டையில் உதிர்ந்தன. கை தானாகவே ஒட்டிய இடத்தைத் தேடியது. மாங்கிளை புடைத்து முடிச்சாகியிருந்தது. முடிச்சுக்கு இந்தப் பக்கம் மாமரம், அந்தப் பக்கம் வேறொரு செடி.

கன்னிவாடி மலையடிவாரத் தோப்பிலும் இதே இரண்டும்தான். நாம் அப்போது தாவரவியல் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. வகுப்பில் காட்டும் மாதிரிக்காக மரமேறி அறுத்தது நான். மாங்கொத்தை ஒரு தாளிலும் புல்லுருவியை இன்னொரு தாளிலும் மடித்துக் கொடுத்தேன். இரண்டும் காய்ந்தால் ஒரே பழுப்பு, பூ வேறு உதிர்ந்துவிடும், அப்புறம் எது எதுவென்று தெரியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். "போதும்டா மாப்ள உன் பவுசு. பஸ்ஸு போயிரும், இறங்குலே" என்றாய்.

அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டும் வேலை உன்னுடையது. இரண்டையும் ஒரே தாளில் வைத்தே அழுத்தியிருக்கிறாய். பெயர்ச்சீட்டு எழுதுவது மட்டும் என்னுடையது, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். புல்லுருவி என்ற சீட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பேராசிரியர் அந்த அட்டையை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். "என்னய்யா இது? மாமரக் குடும்பம் அனகார்டியேசியா, புல்லுருவிக் குடும்பம் லொராந்தேசியா? மாவிலையில புல்லுருவிப் பூ பூத்திருக்கு!" வகுப்பே சிரித்தது. அவர் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாய். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவனே சொல்வான் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம். அது உனக்குப் போனது. நான் ரெட்டியார்சத்திரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்தேன்.

பழைய நூல்களில் லொராந்தஸ் என்று கிடந்த புல்லுருவியை டென்ட்ராப்தே என்ற தனிப் பேரினத்தில் ஏன் வைத்தார்கள் என்று நீ மேடை மேடையாக விளக்கினாய். ஒரு செடி தவறான பெயரில் கிடக்கக் கூடாது என்று உருகினாய். நான் கிடக்கலாம். "பச்சையம் இருக்குடா, தன் சோத்தத் தானே ஆக்கிக்கும். தண்ணியும் உப்பும் மட்டும்தான் திருடும். பாவம், அரை ஒட்டுண்ணி" என்று அதற்கு வக்காலத்து வேறு. நீ அந்த அரையில் சேர மாட்டாய்.

சும்மா இருந்திருந்தால்கூட மறந்திருப்பேன். என் மகள் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டார் முன்னால், என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாயே: "மாவிலைக்குப் புல்லுருவின்னு பேரு வச்ச விஞ்ஞானி இவன்தான்!"

அதையேதான் உன் மனைவியும் ஏணியைப் பிடித்தபடி கேட்டார். "மாவிலையக் கொண்டுபோயி ஒட்டுனது நீங்கதானேண்ணே? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"ஒட்டுனது நான் இல்லம்மா. உன் வீட்டுக்காரன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவரு போயிட்டாருன்னா என்ன வேணா சொல்லுவீங்களா? இம்புட்டு வருசமா அவரு சொல்றப்பெல்லாம் நீங்களும் கூடச் சேந்துதானே சிரிச்சீங்க?"

சிரித்தேன்தான். மகள் கல்யாணத்தில் வேறென்ன செய்ய முடியும்? நான் சொன்னது உண்மை என்று சொல்ல உலகத்தில் நீ ஒரே ஓர் ஆள்தான் இருந்தாய். அதையும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

முடிச்சுக்குக் கீழே அறுத்தேன். கிளை விழுந்தது. இறங்கி மண்ணில் உட்கார்ந்து மாங்கொத்தைத் தனியாகவும் புல்லுருவியைத் தனியாகவும் பிரித்து வைத்தேன்.

"ரெண்டும் குப்பைக்குத்தானேண்ணே போகப்போகுது? எதுக்குப் பிரிக்கிறீங்க?"

உன்னிடம் சொன்னதையேதான் அவரிடமும் சொன்னேன். "காஞ்சுபோச்சுன்னா எது எதுன்னு தெரியாதும்மா."