கண்ணை மூடாத தபால்காரர்

என் வாயாடி மகளுக்கு,

உன் அம்மா அழுது ஊரைக் கூட்டுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். எழுத்து கோணுகிறது என்று சிரிக்காதே. மூன்றாம் வகுப்பில் இதைவிட நேராகத்தான் எழுதினேன்.

கடையில் ஒரு வேடிக்கை. நான் சவரக் கத்தியை எடுத்ததும் கண்ணை மூடிக் குறட்டை விடுவாரே, அந்தத் தபால்காரர், இப்போது கண்ணாடியில் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னய்யா, என் மேல காதலா?" என்றேன்.

"உங்கப்பா கையும் இப்படித்தான் ஆட ஆரம்பிச்சுது," என்றார். சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிக்க ரத்தம் கொடுத்தேன். உன் தாத்தாவைப் படுக்கையில் தள்ளியது எனக்கும் இருக்கிறதாம். மாத்திரை ஆட்டத்தைத்தான் குறைக்குமாம், நோயைத் தொடாதாம்.

"இவ்வளவு பொல்லாதது எப்படிம்மா தலைமுறை தலைமுறையா அழியாம வருது?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"பிள்ளை பெத்து முடிக்கிற வரைக்கும் அது பெரும்பாலும் தலையே காட்டாதுங்க. அதுக்குள்ள அடுத்த ஆளுக்குப் போயிடும்."

உன் மாமியாரைவிடப் பெரிய கைகாரியாக இருக்கிறது!

பெற்ற பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். நீயோ குழந்தைக்கு ஆசைப்படுகிறாய். முதலில் ரத்தம் கொடு, கண்ணு. உனக்கு இருந்தாலும், கருவை வெளியிலேயே உண்டாக்கிச் சோதித்து, நோயில்லாததை மட்டும் வயிற்றில் வைக்க வழி இருக்கிறதாம்.

போன தடவை நீ காபி கொண்டுவந்தபோது தம்ளர் தட்டில் தாளம் போட்டது. குளிருது என்றாய். நான் அப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்ட
உன் அப்பா