நான்காம் படியில் சிவப்பு எழுத்து

செப்டம்பர் 9, செவ்வாய்

கொலம்பஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். மென்பொருள் எழுதுகிறவர்களின் மாநாடு. கழுத்து அட்டையில் ‘பத்திரிகை’ என்று போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்து, இருபத்திரண்டு வருடம் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்தவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கணினி மாத இதழின் ஆசிரியர் மார்வின் நேற்றே சொல்லிவிட்டார்: “டுவெய்ன், போன வருஷம் நீங்க எழுதினதுல பாதி சாப்பாட்டப் பத்திதான். இந்தத் தடவ ஒரு வகுப்புலயாவது உக்காருங்க.”

வியாழக்கிழமை கொரின் வகுப்பு எடுக்கிறாள். என் மகள் முதல் தடவையாக மேடை ஏறுகிறாள். அவள் உருவாக்கிய இலவச மென்பொருள் இங்கே எடுபட்டால்தான் அலுவலகத்தில் தொடர விடுவார்களாம். இல்லையென்றால் மூட்டை கட்டிவிடுவார்கள்.

“வா, வேண்டாங்கல. ஆனா கை மட்டும் தூக்காதப்பா. பின்னாடி என் மேனேஜர் இருப்பாங்க. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து, “இந்த அல்ஜீப்ரா எதுக்குங்க?” என்று கேட்டவன் நான். அவள் இன்னும் மறக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஐந்து உரைகள் கேட்டேன். தலையாட்டுவதில் நல்ல தேர்ச்சி.

செப்டம்பர் 11, வியாழன்

கை தூக்கிவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். ஐம்பது பேர் இருப்பார்கள். கொரின் கொடுத்த செய்முறைத் தாளைப் பார்த்து எல்லோரும் லேப்டாப்பில் தட்டினோம். நான்காவது படியில் எனக்குப் ‘பிழை’ என்று சிவப்பு எழுத்து. மறுபடி தட்டினேன், மறுபடி சிவப்பு. நம் மண்டைதான் காரணம் என்று சும்மா இருந்துவிட்டேன். பக்கத்தில் ஷனீஸ் என்ற நூலக ஊழியர் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார்.

“கெளம்பிட்டீங்களா?”

“எல்லாருக்கும் வருது சார், எனக்கு மட்டும் வரல. நமக்கு இதெல்லாம் ஒத்துவராது.”

இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன். சிவப்பு. முன்வரிசையில் ஒருவர் மேதை மாதிரி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார், அவர் திரையிலும் சிவப்பு! அட, எல்லோரும் என்னைப் போலத்தானா?

“எல்லாருக்கும் வந்துருச்சா? அஞ்சுக்குப் போலாமா?” என்றாள் கொரின். அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

சத்தியமாவது ஒண்ணாவது — கை மேலே போய்விட்டது.

என் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். “சொல்லுங்க... சார்.”

“எனக்கு நாலே வரலம்மா. செவப்பா என்னமோ வருது.”

சிரித்தார்கள். பிறகு ஒரு குரல், “எனக்கும்.” இன்னொன்று. அறை முழுக்கக் கைகள்.

அவள் தன் திரையையே முறைத்தாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் உருவாக்கணும். என் லேப்டாப்புல ரெண்டு வருஷமா அது இருக்கு, அதனால எனக்கு ஓடுது. உங்க யார்கிட்டயும் இருக்காது. தாள்ல எழுதவே இல்ல. தப்பு என்னோடது.”

ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் ஓடியது. ஷனீஸ் என் முதுகில் ஒரு போடு போட்டார், இன்னும் வலிக்கிறது. மேனேஜர் மட்டும் நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கொரின் என்னிடம் பேசாமலே போய்விட்டாள்.

ஏன்டா டுவெய்ன், அவ ஒண்ணே ஒண்ணுதானே கேட்டா?

செப்டம்பர் 12, வெள்ளி

காபி வரிசையில் பின்னாலிருந்து கொரின் குரல். “சத்தியம் பண்ணின ஆளு இவருதானே?”

“மேனேஜர் திட்டினாங்களா?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.” என் டோனட்டைக் கேட்காமலே எடுத்துக் கடித்தாள். “போன மாசம் முந்நூறு பேர் இந்த மென்பொருள இதே தாளோட இறக்கிப் பார்த்தாங்கப்பா. ஒருத்தர்கூடத் திரும்பி வரல. யாருக்கும் புடிக்கலன்னு நெனச்சு அழுதிருக்கேன். எல்லாரும் நாலுலயே நின்னிருக்காங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லிருக்கலாம்ல?”

பாதி டோனட்தான் மிஞ்சியது. இதைக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். “பேரோட எழுது” என்றாள்.

அக்டோபர் 4, சனி

கொரினிடமிருந்து மின்னஞ்சல். நவம்பரில் டெட்ராய்ட்டில் அடுத்த வகுப்பு, மேனேஜரே ஏற்பாடு செய்திருக்கிறார். கூடவே புதுத் தாள். ‘வேற யாருக்கும் இன்னும் காட்டல. நீ செஞ்சு பாத்துட்டு கூப்பிடு.’

காலைச் சாப்பாட்டை முடித்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டேன்.

“ரெண்டாவதுலயே நின்னுட்டேன்டி.”

“இரு இரு,” என்றாள், “பேனா எடுத்துக்கறேன்.”