கல்லில் செதுக்கிய கண்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை

நாளை மறுநாள் என் மனுசி ராணிக்குக் கண் ஒப்பரேஷன். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவளோ காலையில் தேத்தண்ணியோடு வந்து, "கண்ணில கத்தி வைக்க விடமாட்டன். அம்மனுக்கு வெள்ளியில கண் செய்து குடுக்கிறன் எண்டு நேர்ந்திட்டன். அவ பார்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

நான் கூட்டித் துடைக்கிற மியூசியத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பழைய கிரேக்கர்களின் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கல்லில் செதுக்கிய கால், காது, ஒரு சோடிக் கண். நோய் வருத்தம் மாறியதும் தங்கள் வைத்தியச் சாமிக்குக் கொடுத்தவையாம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அங்கே காவல் நிற்கிற பிள்ளை முன்பு சொன்னதுதான்.

ராணி கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவையும் எங்கட ஆக்கள் மாதிரியெல்லே?"

"ஓம். ஆனால் இவை டொக்டரிட்டையும் போனவை. சாமி கோவிக்கேல்லையாம்."

அந்தக் கல்லுக் கண்களை இன்னொருமுறை குனிந்து பார்த்தாள்.

"அப்ப வியாழக்கிழமை போவம். வெள்ளிக் கண்ணும் குடுப்பன்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மோர்டனில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது ட்ரெயினில் சொன்னாள்: "அம்மனுக்கு ஒரு காதும் நேர்ந்திருக்கிறன்."

"உமக்குக் காதிலயும் வருத்தமோ?"

"எனக்கில்லை, உங்களுக்கு. இருபத்தாறு வருசமா நான் சொல்லுறது ஒண்டும் ஏறுதில்லை."

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.