விற்பவர் இருக்கும் இடம்

பிப்ரவரி 9

இன்றைக்கு ஒரு கடையை இழுத்து மூடினேன். ‘உள்ளூர்த் தச்சர், சொந்தக் கைவேலை’ என்று போட்டு மர ஸ்டூல் விற்ற ஆள். ஸ்டூலுக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தது. துளைகள் சாய்வாக இருந்தன. அந்த மாதிரி பிளக் இந்த நாட்டிலேயே கிடையாது. கடல் தாண்டி எங்கோ ஒரு கோடவுனில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துத் தெரு ஆள் மாதிரி என்ன பேச்சு பேசுகிறான்!

எங்கள் இணையச் சந்தையில் கடை போட்டிருப்பவர்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் எனக்கு ‘மோப்பம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்த மாதிரி காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான்.

இன்னும் கொஞ்ச நாளில் வேலை நிரந்தரம் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகட்டும். விவாகரத்து ஆகி வந்தவளுக்குப் பின்னறையைக் கொடுத்திருக்கிறேன் என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வதாவது நிற்கும்.

பிப்ரவரி 11

அண்ணன் வேலைக்குப் போகும்போது அண்ணியின் போனையும் பையில் போட்டுக்கொண்டு போகிறார். “வீட்டுல சும்மா இருக்கவளுக்கு எதுக்கு போன்?” கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர் அண்ணி. இப்போது காலையில் காய்கறி வாங்கப் போவதோடு சரி. அதற்கும் திரும்பி வந்ததும் விசாரணை உண்டு.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே இன்று சொன்னார்: “ஒரே ஒரு ரூம் போதும்டி எனக்கு. சாவி என் கையில இருக்கணும்.”

“சாவிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? உள்ள பூட்டிக்கிட்டு தூங்கப்போறீங்களா?” என்று சிரித்தேன்.

“ஆமா” என்றார். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17

புதுக் கோப்பு. ஒரு பொத்தான் கடை. துணி சுற்றி, மேலே நூலில் பூ, இலை, மீன் என்று தைத்த குட்டிக் குட்டிப் பொத்தான்கள். இந்த ஊர்தான், கையால் தைத்தது என்று போட்டிருக்கிறது. யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தையலாவது கூடக் குறைய இருக்க வேண்டாமா? அச்சடித்த மாதிரி இருக்கிறது. மனுஷக் கை இப்படித் தைக்காது. தொழிற்சாலைச் சரக்கு.

வாங்குகிறவர்கள் கேள்வி கேட்டால் நாள் முழுக்கச் சத்தமே இல்லை. காலையில் ஒரு நேரத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மளமளவென்று பதில் வருகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பதில் எழுதுகிறவர்கள் செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மூச்சே இல்லை. போதாக்குறைக்கு, அதே கணினியிலிருந்து வேறு கடைகளும் நடக்கின்றன. விற்பவர் பெயர் என்று கடைப் பெயர் மட்டும்தான்; திருப்பி அனுப்பும் முகவரி ஒரு ஜெராக்ஸ் கடை.

இத்தனையும் ஒரே இடத்தில் சிக்குவது அபூர்வம். பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினேன். “கும்பல்தாங்க, சந்தேகமே இல்ல” என்றார்.

பிப்ரவரி 20

பொத்தான் கடைக்கு வீடியோ அழைப்பு போட்டேன். எடுக்கவில்லை. மாதிரிக்கு ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டு வைத்திருக்கிறேன். வரட்டும், பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 23

மூடியாயிற்று!

இன்று காலை ஒருவழியாக அழைப்பை எடுத்தார்கள். கேமராவை விரலால் மூடியிருந்தார்கள், திரையில் வெறும் சிவப்பு. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்: வணக்கம், நீங்கள் இருக்கும் அறையையும் சன்னலையும் ஒருமுறை காட்ட முடியுமா? மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அப்புறம் பட்டென்று துண்டித்துவிட்டார்கள். மடியில் கனம் இருந்தால் அப்படித்தான். ‘பொய்யான இடம்’ என்று குறித்து மூடினேன். டீம் லீடர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

பிப்ரவரி 24

அண்ணி சாப்பிடவில்லை. தலைவலியாம்.

மார்ச் 2

எங்கே ஆரம்பிப்பது?

மாதிரிப் பாக்கெட் இன்று அலுவலகத்துக்கு வந்தது. கடை மூடுவதற்கு முன்பே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேரைக் கூப்பிட்டுவைத்து, ஏதோ வித்தை காட்டுகிறவள் மாதிரி பிரித்தேன். உள்ளே கரும்பச்சைத் துணியில் வெள்ளைப் புள்ளி போட்ட பொத்தான்கள். ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கம் மடித்திருந்த துணியில் பழுப்பாக ஒரு வளைவு. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

அது என் சட்டை. நான் சுட்டது. துடைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடம் நானே தூக்கிக் கொடுத்தது.

“என்னங்க ஆச்சு?” என்று யாரோ கேட்டார்கள். கழிப்பறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

காலையில் மட்டும் பதில் — காய்கறி வாங்கப் போகும் நேரம். ஞாயிறு மூச்சில்லை — அண்ணன் வீட்டில் இருக்கும் நாள். ஒரே கணினி — ஜெராக்ஸ் கடையில் ஊரே உபயோகிக்கிற கணினி. அடிப்பாவி, எல்லாமே கண்ணுக்கு நேரே இருந்ததே! ஊர் உலகத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தது, கூடத்தில் இருக்கிறவளைத் தெரியவில்லை.

மார்ச் 3

அண்ணன் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் அந்தப் பொத்தானை நீட்டினேன். அண்ணி குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினார்.

“ஜெராக்ஸ் கடைக்காரம்மா போன்லதான் எடுத்தேன், எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சு. உன் குரல் எனக்குத் தெரியாதா? என்ன மரியாதையா கேட்ட! வீட்டுல ஒரு நாளாவது என்கிட்ட அப்படிப் பேசியிருக்கியா?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி!”

“சொல்லி? ஒண்ணு உன் வேலைக்கு ஆபத்து, இல்லன்னா உங்க அண்ணன் காதுக்குப் போகும். எப்படிப் போனாலும் அடி எனக்குத்தான்.” தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். “ரூம் பாத்து வச்சிருந்தேன். அடுத்த மாசம் போயிடலாம்னு இருந்தேன். விடு.”

விடு என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார். திட்டித் தொலைத்திருக்கலாம். நான்கு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 5

டீம் லீடரிடம் போய், பொத்தான் கடையைத் தவறாக மூடிவிட்டேன், திறக்க வேண்டும் என்றேன். உறவு என்று சொல்லவில்லை. “மோப்பத்துக்கே ஜலதோஷமா?” என்று சிரித்தார். பிறகு, விற்பவர் நிஜமாக இருக்கும் முகவரியைப் போடுங்கள், வழக்கம்போல் உறுதிக் கடிதம் போகட்டும், அதிலிருக்கும் எண்ணை அவர்கள் அடித்தால் கடை திறக்கும் என்றார்.

வீட்டு முகவரியைப் போட்டேன். தபால் பெட்டியைத் திறப்பது தினமும் நான்தான். அண்ணியிடம் இப்போது சொல்ல வேண்டாம். கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12

கடிதம் தபாலில் வரவில்லை. கூரியரில் வந்தது. அண்ணன் ஜுரம் என்று லீவு போட்டிருந்தார், கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

நான் வந்தபோது வீடு முழுக்கப் பொத்தான். நூல்கண்டை எல்லாம் பிய்த்து எறிந்திருந்தான். “உங்கள் கடையைத் திறப்பதில் மகிழ்ச்சி”ன்னு சத்தமா படிச்சுப் படிச்சுக் காட்டுறான். “எனக்குத் தெரியாம கடையா? எவன் வச்சுக் கொடுத்தான்?” அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

நான் நடுவில் போய் நின்றேன். “நான்தான் அனுப்பச் சொன்னேன், என்னைக் கேளு” என்று கத்தினேன். அண்ணி அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை. அடித்தவனைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

ஏன் அண்ணியைக் கேட்காம போட்டேன்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பேன்? அந்த ஜெராக்ஸ் கடை முகவரி பொய் இல்லை. அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம். அதை அழித்து நான் சரியான முகவரியைப் போட்டேன்.

மார்ச் 13

காலையில் காய்கறிப் பையோடு போன அண்ணி திரும்பி வரவில்லை.

மார்ச் 20

ஜெராக்ஸ் கடைக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “வந்தியா? எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்” என்றார்.

“நல்லா இருக்காங்களான்னு மட்டும்...”

“உன்கிட்ட எது சொன்னாலும் நீ மிச்சத்தைக் கண்டுபிடிச்சிருவேம்மா. போயிட்டு வா.”

நிஜம்தானே.

ஏப்ரல் 6

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28

சாயங்காலம் அண்ணன் போனை நீட்டிக்கொண்டு என் அறைக்கே வந்தான். பல நாட்களாகத் தேடியிருக்கிறான். வேறொரு சந்தையில் ஒரு பொத்தான் கடை. “இது அவளோடதுதானே? போட்டிருக்க ஊரு பொய்யா இருக்கும். நிஜமா எங்க இருக்கான்னு சொல்லு. உன் பொழப்பே அதுதானே.”

வாங்கிப் பார்த்தேன். மேசையில் பரப்பிய பொத்தான்கள். ஓரத்தில் பாதி ஸ்விட்ச் போர்டு, பழைய ரயில்வே குடியிருப்புகளில் மட்டும் மிச்சமிருக்கும் கறுப்பு உருண்டை ஸ்விட்ச். சன்னலுக்கு வெளியே மங்கலாக ஒரு தண்ணீர்த் தொட்டி, நீலப் பட்டை அடித்தது. எந்த ஊர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கொஞ்சம் பெரிதாக்கினால் தெருவையும் சொல்லிவிடுவேன். பெரிதாக்கவில்லை.

“வெளிநாட்டுக் கடைண்ணா இது” என்றேன். “அங்கேருந்துகிட்டு இப்படித்தான் இங்க எடுத்த மாதிரி படம் போடுவாங்க. அண்ணியோடது இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“இதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாடு எடுத்து வை என்றான். எடுத்து வைத்தேன். எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

நாளைக்கு வேறொரு படத்தோடு வருவான். நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.