பெட்டி கட்டிய கம்பி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் தங்கச்சியும் நன்றாக இருக்கிறோம், அப்பாதான் படுத்துவிட்டார். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, தாடை உடைந்திருக்கிறது, வலது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது, தங்கச்சி ஸ்பூனில் பால் விட்டுக்கொண்டிருக்கிறாள். அவரால் பேச முடியாததும் ஒரு வகையில் நல்லது, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத விட்டிருக்கமாட்டார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நிதானமாகப் படி. நம் விமானக் கிடங்கு முதலில் வெறும் குதிரை லாயமாக இருந்தது உனக்கு நினைவிருக்கும், முதல் மூன்று விமானமும் துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தபோது எது முன்பக்கம் என்று அப்பாவும் தச்சரும் அரை நாள் மல்லுக்கு நின்றார்கள். இப்போது நாலு கொட்டகை, நூறு பேர், றெக்கைத் துணி தைக்க மட்டும் இருபது பெண்கள். யுத்தம் வந்ததிலிருந்து வாரத்துக்கு நாலு விமானம் நொறுங்கி வருகிறது, சில சமயம் இருக்கையில் ரத்தம்கூடக் காய்ந்திருக்காது, நாங்கள்தான் கழுவிப் பிரிக்கிறோம். விழுந்த விமானத்தின் றெக்கையை இழுத்துப் பிடிக்கிற கம்பியை மறுபடி பூட்டக் கூடாது, உள்ளே இழை அறுந்திருக்கும், அதனால் இரண்டு முனையிலும் சிவப்புச் சாயம் பூசி, பிறகு துண்டுகளாக நறுக்கிவிட வேண்டும், லாயத்து நாளிலிருந்து அதுதான் வழக்கம். எனக்கு நறுக்க மனசு வரவில்லை. கயிறு கட்டி முகாம்களுக்கு அனுப்பிய உதிரிபாகப் பெட்டிகள் ரயிலில் பிய்ந்துபோவதாகப் புகார் வந்துகொண்டே இருந்தது, அந்தக் கம்பியை எடுத்துக் கட்டினேன், சாயம் பூசிய முனை முடிச்சில் நிற்காமல் வழுக்கியதால் அதை நானே வெட்டிப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு பெட்டிகூடப் பிரியவில்லை, கிடங்கு ஆபீஸர் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து விமான மைதானத்தில் கம்பி தீர்ந்துபோக, அங்கே இருந்த மெக்கானிக் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்ததைப் பிரித்து, சிவப்பு முனை இல்லாததால் நல்ல கம்பி என்று விமானத்தில் பூட்டிவிட்டான். போன செவ்வாய்க்கிழமை அது வானத்தில் அறுந்தது. விழுந்ததும் தீப்பிடித்தது, உள்ளே இருந்த பையன் மாட்டிக்கொண்டு எரிந்தான், அதே மைதானத்தில் விமானம் ஓட்டும் அவன் அண்ணன் பத்தடி தூரத்தில் நின்றும் நெருங்க முடியவில்லையாம். அந்த அண்ணன்தான் இரண்டு கையும் வெந்த நிலையில் ஸ்பேனரோடு கொட்டகைக்குள் வந்து, பெட்டி கட்டினது யாருன்னு கேட்டான். நான் துணி உருளைக்குப் பின்னால் ஊசியும் கையுமாக நின்றேன். அப்பா முன்னால் போய், நான்தான் கட்டினேன்னு சொல்லிவிட்டார். முதல் அடியிலேயே தாடை போனது, விழுந்தவரின் கையை மேஜையில் வைத்து மறுபடி மறுபடி அடித்தான். நம் ஆட்கள் கட்டையை எடுத்து அவன் மண்டையைப் பிளந்தார்கள், ரத்தத்தில் கிடந்தும், தம்பி எரியறப்போ என்னைத்தான்டா கூப்பிட்டான்னு சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

இப்போது முக்கியமானது. போன மாதம் உன் முகாமுக்கு வந்த பதினொரு பெட்டியும் அதே கம்பிதான். வெளியே தெரிந்தால் கிடங்கை மூடிவிடுவார்கள் என்று ஆபீஸர் எந்த முகாமுக்கும் தகவல் அனுப்ப மறுக்கிறார், தபாலையும் பிரித்துப் படிக்கிறார், அதனால் ரயிலோடு வருகிற கார்டு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பெட்டி விளிம்பில் மடங்கி முழத்துக்கு ஒரு மடிப்பு விழுந்த கம்பியைக் கண்டால் விடாதே. ஏற்கெனவே எதிலாவது பூட்டியிருந்தால் யார் திட்டினாலும் அந்த விமானத்தைக் கிளம்ப விடாதே, சக்கரத்துக்கு முன்னால் படுத்தாவது நிறுத்து. உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. கட்டியவர் என்று அவர்கள் அப்பா பெயரை எழுதிக்கொள்வார்கள், எழுத விடாதே.

ராத்திரியில் கம்பளி போர்த்திக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அங்கே பறக்கிற பிள்ளைகளும் முழுசாகத் தரை இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
பெட்டிகளைக் கட்டியவள்,
உன் அம்மா