கதிர் பட்ட நெஞ்சு

என் கோமதி அக்காவுக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிவிட்டது. திதிக்குப் புஞ்சாக் ஆலாமில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் படத்துக்கு அத்தான் மாலை போட்டார். உன் மகள் யாழினிதான் எல்லாரையும் அதட்டி உட்கார வைத்துச் சோறு பரிமாறினாள். வாசலில் நின்று கேட்டால் உன் குரல் என்றே நினைப்பார்கள்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் அதை எங்கிருந்து தொடங்க?

நாம் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில், கதிர் சிகிச்சை அறைக்கு வெளியே நாற்காலியில் சேர்ந்தவர்கள். எனக்குப் பதினைந்து வயது, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உனக்குப் பத்தொன்பது, ஊர் பத்தாங் காலி. இரண்டு பேருக்கும் கழுத்தில் கட்டி, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். கதிர் சிகிச்சையைத் தோட்டத்தில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கதிர் வைக்கும் இடம் தெரிய, கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஊதா மையால் கோடு போட்டு, அழியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் நான் அழுதுகொண்டே இருந்தேன்.

"ஏன் தேவி அழுவுற? உள்ள போனா ஒன்னும் தெரியாது. கண்ண மூடிக்கிட்டு ஒரு பாட்டு பாடு. பாட்டு முடியறதுக்குள்ள அவங்களே எழுப்பி விட்டுருவாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்றாய்.

இருந்தாய். உன் முறை முடிந்த பிறகும் எனக்காக உட்கார்ந்திருந்தாய்.

பிழைத்தோம். சில வருடம் வரச்சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, குணமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றார்கள். நமக்கு அதைவிட என்ன வேண்டும்? நீ கல்யாணம் செய்துகொண்டாய், யாழினி பிறந்தாள். நான் பாலர் பள்ளி ஆசிரியை ஆனேன். நெஞ்சில் வைத்த கதிர் எத்தனையோ வருடம் கழித்துக்கூட இதயத்தையும் மார்பையும் தைராய்டையும் தேடி வரலாம் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வயதில் நமக்குப் புரிந்திருக்குமா?

உனக்கு முதலில் மூச்சு வாங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்றாய். துணி காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். தாடை வலிக்கிறது என்றாய். ஒரு கிளினிக்கில் வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றில் டென்ஷன் என்றார்கள். நாற்பத்து நாலு வயது, சிகரெட் இல்லை, இனிப்பு நீர் நோய் இல்லை, ஒல்லியான உடம்பு. உன் இதயத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் போன் போட்டால், "காத்துதான் லா. இஞ்சித் தண்ணி குடிச்சா ஏப்பம் வந்துரும். நீ ஏன் பயப்புடுற?" என்பாய்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி காரில் ஏறினவள் கதவைச் சாத்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தானிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். முன்பு எப்போதாவது நெஞ்சில் கதிர் சிகிச்சை எடுத்திருக்கிறாரா என்று. சின்ன வயசில் எடுத்தாள் என்று அத்தான் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றினாராம். இரத்தக் குழாயெல்லாம் கிழவருக்கு இருப்பதைப் போல அடைத்துப் போயிருந்தது என்றாராம்.

அத்தான் அதைச் சொன்னபோது நான் உன் உடம்பு கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னையறியாமல் என் கை என் நெஞ்சுக்குப் போனது. உன்னை நினைத்து அழுவதா, என்னை நினைத்துப் பயப்படுவதா? இரண்டும் ஒன்றாகவே வந்தது, அக்கா.

என் வீட்டுக்காரர், "எல்லாம் முடிஞ்சு போன கதை. நீ நல்லாதானே இருக்க? தோண்டாத" என்றார். அவருக்கும் பயம். நான் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் என் பழைய கோப்பைத் தேடச் சொன்னேன், அவ்வளவு பழையதெல்லாம் இப்போது இல்லை என்றார்கள். எவ்வளவு கதிர் வைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஒரு இளம் டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொரு சோதனைக்கும் அனுப்பினார்.

தைராய்டு சோர்ந்து போயிருக்கிறது. அதற்கு மாத்திரை உண்டு. இதய வால்வு ஒன்று தடித்திருக்கிறது. இப்போதைக்குக் கண்காணித்தால் போதும். மூன்றாவதுதான் உன்னிடம் சொல்ல வந்தது. இடது மார்பில் ஏதோ தெரிகிறது. ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை.

சதை எடுத்த அன்று யாழினி என்கூட வந்தாள். திரும்பும் வழியில், காரில் திடீரென்று கேட்டாள்:

"அந்தக் கதிர் ட்ரீட்மென்ட் பத்தி அம்மாகிட்ட ஏன் யாருமே கேக்கல, சின்னம்மா?"

"அவங்களுக்குத் தெரியாது கண்ணு. அம்மாவுக்கும் சொல்லணும்னு தெரியாது."

"அப்ப அந்த ட்ரீட்மென்ட் எடுத்திருக்கவே கூடாதா?"

வண்டியை ஓரங்கட்டினேன். இருபுறமும் செம்பனை மரங்கள், உள்ளே நடுப்பகலிலும் இருட்டு. "எடுக்கலன்னா உங்கம்மா இருபது வயசு பாத்திருக்க மாட்டா. நீ பொறந்திருக்க மாட்ட. எடுத்திருக்கக் கூடாதுன்னு மட்டும் நெனைக்காத" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கதிர்தான் நமக்கு வாழ்வைக் கொடுத்தது, அக்கா. கொடுத்த கை நம்மேல் இருந்து இன்னும் விலகவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் குளிக்கும்போது இடது பக்கம் தொடுவதில்லை. வகுப்பில் பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டால் உடம்பு தானாக ஒதுங்குகிறது. வியாழக்கிழமை வர வேண்டும் என்றும் இருக்கிறது, வரக் கூடாது என்றும் இருக்கிறது.

முடிவு எப்படியும் இருக்கட்டும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த ஊர் கிளினிக்கில், எதற்காகப் போய் உட்கார்ந்தாலும், சளி காய்ச்சல் என்றாலும்கூட, முதல் வார்த்தையாக நெஞ்சில் கதிர் வைத்தவள் என்று சொல்வேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். அவசரப்பட்டு எழுதிக்கொண்டிருந்தால், பேனாவை நிறுத்தி என்னைப் பார்க்கும்வரை சொல்வேன்.

உன் மகளுக்குச் சின்னம்மா,
உனக்கு என்றும் தங்கை,
தேவி